தனியாக ஓட்டினால் ஆடும் கார்

என் புருஷன் வாகினோவுக்கு வாயில் கொழுக்கட்டை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். பசித்தால் சோறு போடு என்று கேட்க மாட்டார். அடுப்படிப் பக்கம் வந்து நின்று, இன்றைக்குக் காற்று குளிராக இருக்கிறது என்பார். நானாகப் புரிந்துகொண்டு தட்டை எடுக்க வேண்டும். நான் ஜாவாவின் வடக்கே ரெம்பாங் கடற்கரையில் மீன்காரர்களுக்கு நடுவே பிறந்தவள். அங்கே அலைச் சத்தத்தை மீறிப் பேசினால்தான் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்கும். அப்படிப்பட்டவள் இந்த மெர்பாபு மலையடிவாரத்துக்கு வாழ வந்து, எதையும் நேராகச் சொன்னால் எதிராளி மனசு புண்பட்டுவிடும் என்று நினைக்கிற சனங்களோடு முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இன்னும் எனக்குப் பழகவில்லை.

ஆனால் மனுஷன் தங்கம். அதையும் சொல்லிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் முட்டைக்கோஸ் லாரியில் கிளீனராக ஏறியவர், அப்புறம் அதே லாரிக்கு டிரைவர் ஆகி, கேரட்டும் கோஸும் ஏற்றிக்கொண்டு இந்த மலைக்கும் செமாராங் சந்தைக்கும் நடுவே பாதி ஆயுசைக் கழித்தார். பிறகு நாங்கள் வளர்த்த மாடுகளை விற்று ஒரு பழைய பச்சைக் கார் வாங்கினோம். எட்டுப் பேர் உட்காரும் கார். எங்கள் ஊர் வரிங்கின்சாரியில் எட்டுப் பேர் என்றால் பன்னிரண்டு பேர் என்று அர்த்தம். கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரி, நோன்புக்கு முன்னால் கல்லறைகளைக் கூட்டிச் சுத்தம் செய்யப் போவது, எல்லாவற்றுக்கும் பாக் வாகினோவின் கார்தான். இங்கே மரியாதையாக ஆண்களை பாக், ஐயா என்றும், பெண்களை இபு, அம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றினால் மட்டும் மேடு ஏறும்போது தானும் முன்னால் குனிந்துகொள்வார், காரைத் தானே தள்ளுகிற மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலி வாங்க மாட்டார். அதனால் அவரவர் தோட்டத்து வாழைத்தாரை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வாழைப்பழத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போது வயிற்றைப் புரட்டும்.

எங்கள் ஊரில் வேகத்தடை போட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எவன் வீட்டுக்கு முன்னால் கோழி அடிபட்டுச் செத்ததோ, அவன் மறுநாளே சிமெண்ட் குழைத்துவிடுவான். போன நோன்பில் இப்படிப் புதிதாக முளைத்த மேடுகளில், ஆள் நிறைந்த காரின் வயிறு தரையில் உரசிக்கொண்டே போயிற்று. பெருநாள் நெருங்குகிறது, ஊரே சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பும். அதனால் சந்தைப் பக்கம் காரைத் தாங்கும் வில்பட்டை கட்டும் கடையில் கொடுத்து, பின் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, பின்பக்கத்தை நாலு விரல் உயர்த்தி, சந்தைச் சனத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்புறம் உரசவே இல்லை. பெருநாள் முழுக்க கார் ஆள் பிதுங்கத்தான் ஓடியது. எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள்.

பெருநாள் முடிந்து, வெளியூர்ப் பிள்ளைகளை சலதிகா பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பி வந்த ஒரு நாள், வீட்டுக்குள் வந்தவர் வழக்கம்போல் காற்றைப் பற்றிப் பேசவில்லை. கார் ஆடுகிறது என்று நேராகச் சொன்னார். கால் வைத்து வேகம் எடுத்தால் தடதடவென்று உடம்பெல்லாம் ஆடுகிறதாம், காலை எடுத்தால் நின்றுவிடுகிறதாம். அவர் எதையாவது நேராகச் சொன்னால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டு பாக் மர்சூதி ஏறினார். அவர் பள்ளிக்கூடக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பையும் தமாஷும்தான் அவருடைய சொத்து. மர்சூதி ஏறினால் அவர் வீட்டம்மா ஏறாமல் இருப்பாளா? அவள் ஏறினால் எதிர்வீட்டு இபு காதினா ஏறாமல் இருப்பாளா? எட்டுப் பேராகப் போய், சந்தை முனையில் இறைச்சி உருண்டை போட்ட பக்ஸோ சூப் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கார் ஒரு இடத்திலும் ஆடவில்லை.

மெக்கானிக்கிடம் போனபோதும் அதே கூத்துதான். முதல் மெக்கானிக்கின் பட்டறை வெறும் தகரக் கொட்டகை, உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. அதனால் கூட வந்தவர்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிகளை இறங்கச் சொல்ல அந்த ஆளுக்குக் கூச்சம். எல்லாரையும் வைத்துக்கொண்டே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. வெறுங்கையோடு அனுப்பினால் மரியாதையில்லை என்று பிளக்குகளை மட்டும் மாற்றிக் கொடுத்தான். இரண்டாவது மெக்கானிக் இன்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றினான். அவனோடும் ஏழு பேர் சுற்றினார்கள். இப்போது ஆடுகிறதா என்று அவன் கேட்க, இல்லையே, வெண்ணெய் மாதிரிப் போகிறதே என்று ஏழு பேரும் சொன்னார்கள். வாகினோ மட்டும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் இபு காதினாவின் தங்கையைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது, மறுபடியும் ஆடியதாம்.

அதற்கு அப்புறம்தான் ஊர் பேச ஆரம்பித்தது. பேசியது என்றால் எங்கள் கடற்கரை மாதிரி இல்லை. பாக் வாகினோ ரொம்ப நாளாக ஓய்வே எடுக்கவில்லை என்று ஒருத்தி சொன்னாள். மலைக்காற்று வயசானவர்களுக்கு ஆகாது என்றான் இன்னொருவன். இபு காதினாவின் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனபோது, பாக் வாகினோவுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று கீழூர்க்காரன் வண்டியைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் நின்று அந்த வண்டி போவதைப் பார்த்தார் என் புருஷன். பிறகு உள்ளே வந்து, நேற்றுத்தான் துடைத்த கார் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய மனசிலும் என் மாமனார்தான் இருந்தார். வாகினோவுக்கு இப்போது ஆகிற இதே வயதில்தான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் சிகரெட்டில் தெரிந்தது, பிறகு காபி டம்ளரில். கடைசியில் எதையும் பிடிக்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். காரில் ஏறி உட்கார்ந்த எல்லாருக்கும் கார் ஆடவில்லை, இவருக்கு மட்டும்தான் ஆடுகிறது. அப்படியானால் ஆடுவது காரா, இவர் கையா? தனியாக ஓட்டி வந்து இறங்கும் நாட்களில் வாகினோவின் கை உண்மையாகவே லேசாக நடுங்கும். ஸ்டியரிங் அப்படி உதறியிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாதே. அவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி, என்னிடமிருந்து மறைக்கிறாராம்! அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். நடுங்காது.

நான் ஒருத்தி மட்டும் கூட வருகிறேன், ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கதவைத் திறக்கும்போதே, மர்சூதி வருகிறாரா என்று மதில் பக்கம் குரல் கொடுத்தார். இரண்டு தடவை இப்படிச் செய்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் புரிந்தது. நான் மட்டும் ஏறி, எனக்கும் ஆட்டம் தெரியாமல் போய்விட்டால்? அதைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஒரு நாள் காலையில் டீயைக் கீழே வைத்துவிட்டு, "புதன்கிழமை காரைப் பாக்க ஒருத்தன் வரான்" என்றார்.

"எதுக்கு?"

"வாங்கிக்கத்தான். கை மேல நம்பிக்கை இல்லாதவன் நாலு பேர் உசுரை ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது, துமி."

காரைக் கொடுத்துவிட்டு இந்த மனுஷன் என்ன செய்வார்? ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்துதான் அவருக்கு ஊரில் ஒரு பேர். வாய் பேசாத ஆளுக்கு அந்தக் கார்தான் வாய். ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கடைசியாகக் காட்டிவிட்டுக் கொடுக்கலாம், அவனும் ஒன்றும் இல்லை என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று கெஞ்சினேன். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். சரி என்றார்.

சலதிகாவில் தார்யோனோ என்றொருவர் பட்டறை வைத்திருக்கிறார். சிடுமூஞ்சி, ஆனால் காரியக்காரர் என்று பேர். செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். கார் கிளம்பும் சத்தம் கேட்டதுமே மர்சூதி செருப்பு மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். டவுனில் மருந்து வாங்க வேண்டும் என்று இபு காதினா வந்தாள். அப்படியே வழியெல்லாம் ஆள் சேர்ந்து, பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கார் நிறைந்துவிட்டது. ஒரு குலுக்கல் இல்லை. வாகினோவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

தார்யோனோ குனிந்து நின்றுகொண்டே கேள்வி கேட்டார். எப்போது ஆடுகிறது, வேகம் எடுக்கும்போதா, ஒரே வேகத்தில் போகும்போதா? காலை எடுத்தால் நிற்கிறதா? மேட்டில் அதிகமா? நல்ல கேள்விகள். ஆனால் வாகினோ வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. ஒன்றும் ஆடவில்லை, நாங்கள் எல்லாரும் சாட்சி, பாக் வாகினோவுக்குக் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பிலேயே என் புருஷன் குறுகிப் போனார். தார்யோனோ சரி என்று வாகினோவைப் பக்கத்தில் நகரச் சொல்லி, ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து, எல்லாரையும் வைத்துக்கொண்டே கிளம்பப் பார்த்தார்.

அப்போதுதான் என் ரத்தம் தலைக்கு ஏறியது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் இறங்குங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. இந்த ஊரில் ஒருவரை வண்டியிலிருந்து இறங்கச் சொல்வது என்றால் வீட்டு வாசலில் நிற்க வைத்துக் கதவைச் சாத்துவது மாதிரி. இபு காதினாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அவருக்கு ஆடும்போது யாராவது கூட இருந்தீங்களா? ஒருத்தராவது? தனியா ஓட்டும்போதுதான ஆடுது? அப்ப தனியா ஓட்டிப் பாக்க விடுங்க. உங்க பாசத்தை எல்லாம் பட்டறை வாசல்ல கிடக்கிற அந்தப் பலகையில உக்காந்து காட்டுங்க."

மர்சூதிதான் முதலில் இறங்கினார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். வாகினோவும் இறங்கப் போனார். நீங்கள் பக்கத்தில் இருங்கள், தார்யோனோ ஓட்டட்டும் என்றேன். கார் தெருவைத் திரும்பி மறைந்தது. நாங்கள் வெயிலில் நின்றோம். யாரும் என்னோடு பேசவில்லை. ஆடவில்லை என்று தார்யோனோ வந்து சொன்னால் நாளைக்குக் கார் போய்விடும். காரோடு இந்த மனுஷனும் போய்விடுவார். யா அல்லா, ஆடட்டும், அந்தக் கார் நன்றாக ஆடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கார் ஆட வேண்டும் என்று துஆ கேட்டவள் இந்த ஜாவாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கார் திரும்பி வந்தது. தார்யோனோ இறங்கி, கையை உதறிக்கொண்டார்.

"பல்லு எல்லாம் ஆடுது" என்றார். "இதை வச்சுக்கிட்டு எப்படி பாக் இவ்வளவு நாள் ஓட்டினீங்க?"

வாகினோ இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நான் போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். அவர் அம்மா செத்தபோதுகூட நான் பார்க்காத அழுகை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தார்யோனோ காருக்கு அடியில் படுத்து, கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்து இரும்புக் கட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். இதை யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டார். எல்லாரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழன்று போகிற நீளமான தண்டு ஒன்று அடியில் இருக்கிறது. காலியாக நின்ற காரில், பின்பக்கம் தூக்கி நின்றதால், அந்தத் தண்டு ஏணி சாய்த்து வைத்த மாதிரிச் சாய்ந்து நின்றது. இப்போது ஒவ்வொருவராகப் பின்னால் ஏறுங்கள் என்றார் தார்யோனோ. இபு காதினா ஏறினாள், கொஞ்சம் இறங்கியது. அவள் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். கடைசியில் மர்சூதி ஏறினார். பட்டை முனகிக்கொண்டு அமுங்கியது. தண்டு கிட்டத்தட்ட நேராகிவிட்டது. ஆள் நிறைந்தால் நேராகிறது, ஆள் இல்லாவிட்டால் கோணிக்கொள்கிறது, கோணிய தண்டை வேகமாகச் சுற்றவிட்டால் கார் உதறத்தான் செய்யும், இதில் என்ன மர்மம் என்றார்.

"என் தொப்பையாலதான் இத்தனை நாள் நோய் மறைஞ்சு இருந்துச்சா?" என்றார் மர்சூதி, உள்ளே இருந்தபடியே.

"தொப்பையால மட்டும் இல்ல பாக். ஊர் பூராவும் சேர்ந்து மறைச்சிருக்கீங்க" என்றார் தார்யோனோ.

எல்லாரும் சிரித்தார்கள். இபு காதினா மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து வாகினோவின் முன்னால் நின்று, அடுத்த வாரம் மாமியாரை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பாக் வாகினோவுக்குச் சௌகரியப்படுமா என்று கேட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. ஆனால் அவள் கேட்டது அதுதான். அவர் தலையசைத்தார். புதன்கிழமைக்காரனுக்குக் கார் கிடையாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கட்டையை எடுத்துவிட்டால் மறுபடியும் வேகத்தடையில் உரசும். அதனால் கட்டையை விட்டுவிட்டு, அச்சைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பித் தண்டோடு இசைந்து நிற்க வைக்க, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்புத் தகடுகளைப் பட்டைக்கு அடியில் வைத்தார் தார்யோனோ. இத்தனை நாள் உதறியதில் தண்டின் முனையில் இருந்த மூட்டும் ஆட்டம் கண்டிருந்தது. அதையும் மாற்றினார். அந்த வேலை முடிகிற வரைக்கும் வாகினோ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேண்டிய ஸ்பேனரை எல்லாம் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நடுக்கமும் இல்லை.

மதியத்துக்கு மேல் தார்யோனோ சாவியை நீட்டி, ஓட்டிப் பாருங்கள் என்றார். பழக்கம் விடுமா? பலகையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கார்ப் பக்கம் வந்தார்கள். வாகினோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க இருங்க" என்றார் அவர்களிடம். "துமி மட்டும் வரட்டும்."

மலைச் சாலையில் ஏறினோம். வளைவு தாண்டியதும் கால் வைத்து அழுத்தினார். கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. மறுபடியும் காலை எடுத்தார், மறுபடியும் அழுத்தினார். ஒன்றுமில்லை. கேரட் வயல்கள் முடிந்து தேவதாரு மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதும் எங்கம்மா பக்கத்து ஊருக்குக்கூடப் போனதில்ல" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே. "மூணு வேளையும் அவருக்கு ஊட்டி விடுவா. அப்புறம்தான் அவ தின்பா. சூடா ஒரு வாய் சோறு தின்னு நான் பார்த்ததே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க, உங்களுக்கு அப்படி வந்தா நான் ஊட்டி விடமாட்டேன்னு நினைச்சீங்களா?"

"விடுவே" என்றார். "அதான் பயமா இருந்துச்சு."

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன், மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு. கொஞ்சம் தெளிந்ததும், பட்டறையில் எல்லாரும் வெயிலில் காத்துக்கொண்டிருப்பார்கள், திரும்பலாம் என்றேன்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காரைத் திருப்பாமல் மேலே ஓட்டினார்.